வார்டனுக்குச் சொல்லாதே!

பி.காம். இரண்டாம் வருஷம். சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. டெல்டா பக்கம் ஒரு கல்லூரி விடுதி; பெயர் வேண்டாம். எங்கள் அறையில் ஒருத்தன் தரையில் கிடந்தான். காரைக்காலிலிருந்து துணிப்பைக்குள் லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்த பாட்டிலை, பந்தயம் கட்டி, தண்ணீர்கூடச் சரியாகக் கலக்காமல், அரை மணி நேரத்தில் முடித்திருந்தான். தோளைப் பிடித்து உலுக்கினோம். கன்னத்தில் தட்டினோம். பதில் இல்லை.

பக்கத்தில் இருந்த நாங்கள் நாலு பேர் பண்ணிய முதல் காரியம் என்ன தெரியுமா? கதவைத் தாழ்ப்பாள் போட்டோம். இரண்டாவது காரியம், விளக்கை அணைத்தோம். மூன்றாவதாக, மெஸ்ஸிலிருந்து மோர் திருடிக்கொண்டு வந்து அவன் வாயில் ஊற்றினோம். "வார்டனுக்கு மட்டும் சொல்லிடாதீங்கடா" என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொல்லிக்கொண்டோம். அப்புறம் அவனை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு நாங்களும் தூங்கிப்போனோம்.

காலையில் ஆறு மணிக்கு அவன் எழுந்து உட்கார்ந்து, "டீ குடிக்கப் போலாமாடா?" என்றான். விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் கல்யாணத்தில்கூட இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம்.

சில வருஷங்கள் கழித்து ஒரு டாக்டர் நண்பரிடம் இதையே ஜோக்காகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மயக்கத்துல இருக்கறவன் வாயில மோரை ஊத்துனீங்களா? மல்லாக்க வேற படுக்க வச்சீங்களா? வாந்தி எடுத்திருந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போய் அடைச்சிருக்கும். நீங்க நாலு பேரும் காலையில எழுந்திருப்பீங்க. அவன் எழுந்திருக்க மாட்டான். கல்யாணமாவது, கதையாவது..."

இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் விடுதியில் ஒருத்தன் அளவுக்கு மீறிக் குடித்துக் கீழே விழுந்தால், அந்த அறையில் முதலில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? கதவு சாத்தப்படும். நம்முடைய கல்லூரிகள் இந்த விஷயத்தில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிற ஒரே பாடம் அதுதான்.

இதைக் காரைக்காலை வைத்துப் பேச எனக்குக் காரணம் இருக்கிறது. பாட்டில் வந்த ஊர் என்பதால் மட்டும் இல்லை.

காரைக்கால் ஒரு விசித்திரமான நிலம். சுற்றி மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆட்சி மட்டும் புதுச்சேரி. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1954-ல் இந்தியாவோடு சேர்ந்த ஊர். அந்தப் பக்கம் சென்னை மாகாணம் முழுக்க 1948-லிருந்து மதுவிலக்கு இருந்த காலத்திலும் இங்கே கடை திறந்திருந்தது. தாகம் எடுத்தவர்கள் எல்லையைத் தாண்டினார்கள். 1971-ல் தமிழ்நாடு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது, திரும்பக் கொண்டுவந்தது, பிறகு விட்டது, 2003-ல் அரசே கடை நடத்த ஆரம்பித்தது. இத்தனைக்கும் நடுவில் எல்லை தாண்டும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. வரி குறைவு, விலை குறைவு. நாகூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வாஞ்சூரில் வரிசையாகக் கடைகள் ஏன் முளைத்தன என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். புதுச்சேரியில் 18 போதும். அதாவது, நாகூரில் நிற்கும்போது சின்னப் பையன். பஸ்ஸில் ஏறி வாஞ்சூரில் இறங்கினால் பெரிய மனுஷன்!

18 என்பது என்ன வயது? கல்லூரியில் முதல் வருஷம். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2 லட்சம் பேர் வசிக்கும் இந்தச் சின்ன ஊரில் என்.ஐ.டி. இருக்கிறது, ஜிப்மரின் கிளை இருக்கிறது, வேளாண் கல்லூரி இருக்கிறது, அரசுக் கலைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. ஊருக்குப் பெருமைதான். அதில் ஒன்றையும் குறிப்பிட்டு நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து, அப்பா அம்மாவை முதல் தடவையாக விட்டுவிட்டு வருகிற பதினெட்டு வயசுப் பிள்ளைகளை ஒரு ஊரில் குவித்துவிட்டு, அதே ஊரில் சட்டப்படி, சகாய விலையில், கையில் பாட்டிலையும் கொடுத்துவிட்டு, "ஒழுக்கமாக இரு" என்று போர்டு மாட்டினால் போதுமா?

கொஞ்சம் கணக்கு போடலாம். காமர்ஸ் படித்தவனுக்கு வேறு என்ன தெரியும்!

நம் ஊரில் குடியின் அளவு குவார்ட்டர். 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவிகிதம். கூட்டிக் கழித்தால், சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம், ஒரே அமர்வில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் உள்ளே போனால் அதை 'மிதமிஞ்சிய குடி' என்ற கணக்கில் வைக்கிறது. பார்த்தீர்களா? உலகம் எதை ஆபத்தின் வாசல் என்று சொல்கிறதோ, அதை நாம் ஒரு பாட்டிலில் அடைத்து, 'கொஞ்சம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். "ஒரு குவார்ட்டர்தான் சார்!"

நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைக்கக்கூடியது சுமாராக 7-லிருந்து 10 கிராம். ஒரு குவார்ட்டரை முழுசாகச் செலவு எழுத 6 முதல் 9 மணி நேரம் வேண்டும். மோர், எலுமிச்சை, காபி, தலையில் பச்சைத் தண்ணீர், எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. பந்தயம் கட்டி அரை மணியில் குடித்தவனுக்கு, அவன் படுத்த பிறகும் ரத்தத்தில் போதை ஏறிக்கொண்டேதான் இருக்கும். "படுத்துட்டான், இனிமே சரியாயிடும்" என்று நாம் நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். "பீர்தானே" என்கிற சமாதானமும் வேண்டாம். 8 சதவிகித ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில், குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம்.

சரி, இவ்வளவு ஆபத்தான விஷயத்தைக் கல்லூரிகள் பொதுவாக எப்படிக் கையாளுகின்றன? மூன்று ஆயுதங்கள். ஒன்று, மன்னிப்புக் கடிதம். இரண்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. மூன்று, சஸ்பெண்ட்; மீறினால் டி.சி. நடுவில் ஜூன் 26 சர்வதேச போதை ஒழிப்பு தினம் வந்தால் ஒரு ஊர்வலம், ஒரு உறுதிமொழி, ஒரு குரூப் போட்டோ. உறுதிமொழி எடுத்த கூட்டத்திலேயே ராத்திரி குடிக்கப்போகிறவனும் நிற்பான். கையை எல்லோரையும்விட உயரமாக நீட்டுவான்.

"பின்னே? ஒழுங்கு வேண்டாமா? குடிச்சிட்டு வர்றவனுக்கு மாலை போட்டு வரவேற்கச் சொல்றீங்களா?" என்று கேட்கும் பேராசிரியர்களை எனக்குத் தெரியும். நல்லவர்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குடித்துவிட்டு அடுத்தவனை அடித்தால், பெண் பிள்ளைகளிடம் வம்பு செய்தால், பைக்கை எடுத்து ரோட்டில் போனால் தண்டியுங்கள். நன்றாகத் தண்டியுங்கள். ஆனால் "சார், என்னால நிறுத்த முடியல" என்று ஒருத்தன் வந்து நின்றாலும், "சார், ரூம்ல ஒருத்தன் மூச்சுப் பேச்சில்லாம கிடக்கறான்" என்று ஒருத்தன் ஓடி வந்தாலும் அதே தண்டனை என்றால், யார் வருவான்?

வர மாட்டான். கதவைத்தான் சாத்துவான்.

இந்தத் தண்டனை எல்லோர் தலையிலும் ஒரே கனத்தில் விழுவதும் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பையனுக்கு டி.சி. கொடுத்தால் அப்பா இன்னொரு கல்லூரியில் சீட் வாங்கிவிடுவார். குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிப் படி ஏறியவனுக்குக் கொடுத்தால், அவனோடு அந்த வீட்டின் கணக்கு முடிந்தது. திரும்பிப்போய் என்ன செய்வான்? குடிப்பான். மாணவிகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவர்களில் குடிப்பவர்கள் குறைவு. ஆனால் அப்படி ஒரு பெண்ணுக்குச் சிக்கல் வந்தால் அவமானம் இரண்டு மடங்கு. ஆகவே ஒளிப்பதும் இரண்டு மடங்கு.

காரைக்காலுக்குப் பக்கத்தில் திருநள்ளாறு இருக்கிறது. ஏழரைச் சனிகூட ஏழரை வருஷத்தில் விலகிவிடுகிறது. டி.சி.யில் எழுதின எழுத்து விலகுவதில்லை.

மனசு வைத்தால் நம் நாட்டுக்கு இது தெரியாததில்லை. 2009 மார்ச்சில், இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவன் அமன் கச்ரூவைச் சீனியர்கள் ராகிங் என்ற பெயரில் அடித்தார்கள். அவன் இறந்துபோனான். அடித்தவர்கள் குடித்திருந்தார்கள். நாடே கொதித்தது. அதே வருஷம் யு.ஜி.சி. ராகிங்குக்கு எதிராக விதிகள் போட்டது. இலவசத் தொலைபேசி எண் வந்தது. ஒவ்வொரு மாணவனும் பெற்றோரும் உறுதிப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று ஆனது. புகார் சொல்கிறவனைக் காப்பாற்றினால்தான் புகார் வரும் என்று அன்றைக்கு அரசாங்கத்துக்குப் புரிந்தது. அந்தச் சாவில் ராகிங்கும் இருந்தது, போதையும் இருந்தது. ஒன்றுக்கு மட்டும்தான் வழி கண்டுபிடித்தோம்.

இன்னொன்றுக்கு வழி இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் ஒரு விதி கொண்டுவந்தது. போதையில் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும் மாணவனுக்காக உதவி கேட்டுக் கூப்பிட்டால், கூப்பிட்டவன் மீதும் கிடப்பவன் மீதும் குடித்ததற்காக ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. பிழைத்து வந்த பிறகு ஆலோசகரிடம் பேச வேண்டும், அவ்வளவுதான். என்ன ஆயிற்று? உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடின. சம்பவத்துக்குப் பிறகு ஆலோசனைக்கு வந்தவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. இதற்கு ஒரு காசு செலவில்லை. ஒரு சுற்றறிக்கைதான்.

"அமெரிக்கா கதையெல்லாம் இங்கே நடக்காது" என்பீர்கள். கோவாவுக்குப் போவோம். கோவாவும் காரைக்கால் மாதிரிதான். ஐரோப்பியர் ஆண்ட கடலோர மண், மலிவான சரக்கு, 18 வயதில் அனுமதி. அங்கே விக்ரம் படேல், அபிஜித் நட்கர்னி ஆகியோரின் குழு ஒரு சோதனை நடத்தியது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, குடியால் கெட்டுக்கொண்டிருக்கிற ஆனால் முழு அடிமை ஆகிவிடாத ஆண்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, மனநல நிபுணர்களும் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். அதிகபட்சம் நாலு சந்திப்பு. நீ எவ்வளவு குடிக்கிறாய், அதனால் என்ன போகிறது, எந்த நேரத்தில் ஆசை வருகிறது, நண்பன் ஊற்றிக் கொடுத்தால் எப்படி மறுப்பது என்று பேச்சு. திட்டு இல்லை, உபதேசம் இல்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்தவர்கள் 26 சதவிகிதம். பேச்சும் கிடைத்தவர்களில் 36. கடைசி 14 நாளில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் அங்கே 18 சதவிகிதம், இங்கே 42. முடிவுகள் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின. அது மாணவர்களிடம் நடந்த சோதனை இல்லை, 18 முதல் 65 வயது ஆண்களிடம் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஐம்பது வயதில் ஊறிப்போனவனையே நாலு பேச்சு அசைக்கிறது என்றால், பத்தொன்பது வயதில், பழக்கம் வேர்விடாத நிலையில் இருக்கிறவனுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்க என்ன தடை?

"36-தானா? மீதி 64 பேர்?" என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலுக்கு நானும் ஒன்று கேட்டேன்: உங்கள் சஸ்பென்ஷனால் எத்தனை பேர் குடியை நிறுத்தினார்கள்? கணக்கு இருக்கிறதா? இல்லை. வரவு செலவே எழுதாத கடை, பக்கத்துக் கடையின் லாபத்தைக் குறை சொல்லக் கூடாது.

யாருக்குப் பேச்சு தேவை என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த 'ஆடிட்' என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. மொத்தம் 10 கேள்விகள், 40 மதிப்பெண். எட்டோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். பேர் எழுதாமல், ரகசியமாக, மாணவனே தனக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆடிட் என்றால் எங்கள் காமர்ஸ்காரர்களுக்குப் பயம். இந்த ஆடிட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

அப்படியே ஒரு பொய்யையும் உடைக்க வேண்டும். "எல்லாரும்தான்டா குடிக்கறாங்க" என்கிற பொய். முதல் வருஷ மாணவனைக் குப்புறத் தள்ளுவது பெரும்பாலும் இதுதான். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட, எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்திய ஆண்களில் குடிப்பவர்கள் 27.3 சதவிகிதம். சிறுவர்களையும் சேர்த்த கணக்குதான். இருந்தாலும் 'எல்லாரும்' என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! குடிக்காதவன் சத்தம் போடுவதில்லை, குடித்தவன் போடுகிறான். அதனால் நாற்பது பேர் இருக்கிற விடுதி மாடியில் ஆறு பேர் குடித்தால் நாற்பது பேரும் குடித்த மாதிரி தெரிகிறது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. கதவைச் சாத்திக்கொள்கிற பழக்கம் விடுதியோடு முடிவதில்லை என்று அர்த்தம்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

கல்லூரி முதல்வர்களுக்கு: நாளைக்கே ஒரு சுற்றறிக்கை போடுங்கள். உயிர் காக்க உதவி கேட்டவன் மீதும், தானே முன்வந்து உதவி கேட்டவன் மீதும் நடவடிக்கை இல்லை என்று. விடுதிச் சுவரில், 'குடி குடியைக் கெடுக்கும்' போர்டுக்குப் பக்கத்திலேயே அதையும் ஒட்டுங்கள்.

இரண்டாவது, ஆலோசகர். 100 மாணவர்களுக்கு மேல் இருக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நாற்காலியில் ஒழுங்குக் கமிட்டி உறுப்பினரையே உட்காரவைத்துக் கணக்குக் காட்டாதீர்கள். போலீஸும் பாதிரியாரும் ஒரே ஆளாக இருந்தால் யார் பாவமன்னிப்புக் கேட்பார்கள்?

புதுச்சேரி அரசுக்கு: 18-ஐ 21 ஆக்குங்கள். வருமானம் போகும் என்பீர்கள். 2020 மே மாதம், ஊரடங்குக்குப் பிறகு கடை திறந்தபோது, சிறப்பு வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டோடு சமமாக்கினீர்களே? 2021-ல் எடுத்துவிட்டீர்கள். அதாவது, எல்லையில் இருக்கிற விலைப் பள்ளத்தை மூட உங்களால் முடியும்; மூடியும் காட்டினீர்கள். தொற்றுக்காக முடிந்தது பிள்ளைகளுக்காக முடியாதா? பூரண மதுவிலக்கை நான் கேட்கவில்லை. மூன்று பக்கம் எல்லை உள்ள ஊரில் அது யாருக்கு வியாபாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம் தள்ளிப்போடுங்கள் என்கிறேன். அந்த மூன்று வருஷம்தான் ஒரு டிகிரி.

மாணவர்களே, உங்களுக்கு உபதேசம் இல்லை. மூன்று விஷயம் மட்டும். எழுப்பியும் எழாதவன், மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறவன், உடம்பு சில்லிட்டுப்போனவன். இவன் 'மட்டை' இல்லை, நோயாளி. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை அவனைத் தனியாக விடாதீர்கள். உங்களுக்கே கை மீறுகிறது என்று தோன்றினால் 14446 என்கிற எண் இருக்கிறது. போதையிலிருந்து மீள உதவும் அரசின் இலவச எண்.

பெற்றோர்களே, "நீ குடிச்சேன்னு தெரிஞ்சா வீட்டுப் பக்கம் வராதே" என்று சொல்லி அனுப்புகிறோம். பிள்ளை அதை அப்படியே நம்புகிறான். கீழே விழும்போது வீட்டைக் கூப்பிட மாட்டான். "என்ன ஆனாலும் முதல்ல எனக்குப் போன் பண்ணு, திட்டறது அப்புறம்" என்று ஒரு வாக்கியம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

என் அந்த நண்பனுக்கு இப்போது ஒரு மகன். போன மாதம் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வந்து பேசினான். பழைய கதையைச் சொல்லி நான் சிரிக்கப்போனேன். அவன் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நீங்க கதவைச் சாத்தினீங்க, நான் பிழைச்சுக்கிட்டேன். அவன் ரூம்ல இருக்கற பசங்க கதவைத் திறப்பாங்களாடா?"

என்னிடம் பதில் இல்லை. வார்டனிடம் இருக்க வேண்டும்.